மச்சான் படகில் நான் சுருக்கிய கடல்

புரோகிராமைச் சுருக்கினால் அதற்குள் இருக்கிற கடலும் சேர்ந்து சுருங்கிவிடும் என்று கொஞ்ச நாள் மனதார நம்பினேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்கே சிரிக்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு சிரித்தால் வாய் ஒரு பக்கம் மட்டும் போகுமே, அந்த மாதிரி ஆகிறது.

நம்பியதற்குக் காரணம் என் தொழில். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் போடுவது, ஜெராக்ஸ், செத்துப்போன லேப்டாப்பைச் செத்துவிட்டது என்று உறுதிசெய்து சொல்வது, இவைதான் வேலை. ஆனால் எதை அதிகம் செய்தேன் என்று கேட்டால், சுருக்கியதைத்தான் சொல்வேன். எந்த விண்ணப்பமானாலும் போட்டோ ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும், கையெழுத்து இருபதுக்குள். சுருக்கினால் முதலில் மூக்கு போகும். பிறகு மீசை. வேலைக்கு மனுப்போட்ட ஒருத்தருக்கு நெற்றி விபூதி நெற்றியோடு கலந்து, தலையே அரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. அதனால் எதைச் சுருக்கினாலும் அதில் ஏதோ ஒன்று போய்த்தான் தீரும் என்பது என் அனுபவம். மீனைக் காயவைத்தால் கருவாடு, அதைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி மீன் ஆகிவிடுமா? இப்படிப்பட்ட ஞானி நான்.

மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன்தான். கடலுக்கு மட்டும் போனதில்லை. போன ஒரே தடவை, முகத்துவாரம் தாண்டுவதற்குள் மூன்று நாள் சாப்பாடு வெளியே வந்துவிட்டது. "டம்ளர்ல தண்ணி ஆடினாலே நம்ம மாப்ள வாந்தி எடுக்கும்" என்று என் மச்சான் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று வித்தியாசம் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பார். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஊர் கருக்களாச்சேரி. விசைப்படகில் பங்கு உண்டு, ஓட்டுவதும் அவரே.

அந்தப் படகில் ஒரு பழைய லேப்டாப்பை நான்தான் கட்டிக்கொடுத்தேன். சுக்கான் பக்கத்தில் பலகை அடித்து, ரப்பர் கயிறு போட்டு, ஜிபிஎஸ் ஒன்றைச் செருகியிருந்தேன். திரையில் கடல் படமாக வரும், படகு ஒரு புள்ளி, நமக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு சிவப்பாக இருக்கும். புள்ளி கோட்டை நெருங்கினால் பெட்டி கத்தும். படகில் ஏற்கனவே கையடக்க ஜிபிஎஸ் உண்டு. ஆனால் அதன் திரை மங்கி, தட்டித் தட்டித்தான் எண் படிக்க வேண்டும். கத்துகிற பெட்டி வந்ததும் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. படம் ஓடிக்கொண்டிருந்தாலும் பின்னால் இருந்து அது கவனித்துக்கொண்டே இருக்கும்.

படம் என்றால் சினிமா. அங்கேதான் வினை.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதல் பயணத்துக்குப் படகுகள் தயாராகிக்கொண்டிருந்தன. மச்சான் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார். கூடவே படகின் என்ஜின்காரர்.

"மாப்ள, புதுப் படம் ஒண்ணு ஏத்தணும். இடமில்லங்குது."

"பழசு ஒண்ண அழிச்சா இடம் வந்துரும் மச்சான்."

சாமி படத்தின் மேல் செருப்பை வைத்தவனைப் பார்ப்பதுபோல என்ஜின்காரர் என்னைப் பார்த்தார்.

"எத அழிப்பீங்க?" என்றார். "சொல்லுங்க. எத?"

நான் ஒன்றைத் தொட்டேன். "அது ஓடினப்பத்தான் வஞ்சிரம் விழுந்துச்சு." இன்னொன்று. "அது கணவாய்க்கு." மூன்றாவதைத் தொடுவதற்குள் மச்சான் என் கையைப் பிடித்துவிட்டார்.

"அதத் தொடாத மாப்ள. அது ராசிப் படம்."

தடை முடிந்து முதல் வலையை இறக்கியதும் அந்தப் படத்தைப் போட வேண்டும். அது அவர்கள் படகின் வழக்கம். படம் நன்றாக இருக்குமா என்றால், தெரியாது. இடைவேளைக்குள் வலை இழுக்கிற நேரம் வந்துவிடுமாம். வில்லன் யார் என்று இன்றுவரை படகில் யாருக்கும் தெரியாது.

"பென் டிரைவ்ல போட்டுத் தர்றேனே."

"எங்க சொருகுறது?" என்றார் என்ஜின்காரர். லேப்டாப்பில் இரண்டு ஓட்டை. ஒன்றில் ஜிபிஎஸ். இன்னொன்றை உப்பு தின்றுவிட்டது. அதற்குள் யாரோ தீக்குச்சியை வேறு ஒடித்து வைத்திருந்தார்கள்.

எந்தக் கம்ப்யூட்டர் கடைக்காரனும் இந்த இடத்தில் "முடியாதுங்க" என்று சொல்லி, துண்டில் சுற்றித் திருப்பிக் கொடுத்திருப்பான். நான் கொடுக்கவில்லை. இணையத்தில் ஒரு சின்னப் புரோகிராமைப் பற்றிப் படித்திருந்தேன். மற்ற புரோகிராம்களைப் பிடித்து அமுக்கிப் பாதியாக்கி வைக்கும், ஓட்டும்போது அதுவே தானாக விரிந்துகொள்ளும். சினிமாவை அழிக்க முடியாவிட்டால் என்ன, புரோகிராம்களை அமுக்குவோம். படம் பார்க்க இடம் வேண்டும் என்பதற்காக மூளையைச் சுருக்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கறுப்பு ஜன்னலில் வரிவரியாக ஓடியது. ஒவ்வொரு புரோகிராமின் பெயரும் வந்தது, பக்கத்தில் எவ்வளவு மிச்சம் என்று வந்தது. பாதி. பாதிக்கும் கீழே. என்ஜின்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னத்த எடுக்குது வெளிய?"

"ஒண்ணும் எடுக்கல. உள்ள காத்து இருக்கும்ல, அத எடுக்குது."

இது எனக்கே தெரியாத விஷயம். சொன்ன வேகத்தில் நானே நம்பினேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் அமுக்கினேன். கடைசியில் புதுப் படத்துக்குச் சரியாக இடம் வந்தது. ஒரு படத்துக்கு மட்டும். பாட்டுத் தொகுப்பு ஒன்று ஏற இடமில்லாமல் வெளியே நின்றுவிட்டது.

"படிச்சவன் படிச்சவன்தான்யா" என்றார் மச்சான் என்ஜின்காரரிடம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. டம்ளர் தண்ணீர் எல்லாம் அன்றைக்கு மறந்துவிட்டது. படத்தைப் போட்டுப் பார்த்தோம், ஓடியது. லேப்டாப்பை மூடித் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்கள். படம் ஓடுகிறதா என்று பார்த்தோமே தவிர, கடல் ஓடுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் படகு போய்விட்டது. போனால் ஒரு வாரம் ஆகும்.

அதற்கு மறுநாள் கடையில் கூட்டமில்லை. படகில் போட்ட அந்தக் கடல் புரோகிராமின் சுருக்கிய பிரதி ஒன்று என் பென் டிரைவில் இருந்தது. அழகு பார்ப்போமே என்று கடைக் கம்ப்யூட்டரில் செருகினேன். சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது. இது வைரஸ் என்றது. அடுத்த நொடி புரோகிராமே இல்லை. வைரஸ் தடுப்பு அதைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டுவிட்டது.

அமுக்கிக் கட்டிய புரோகிராமைக் கண்டால் வைரஸ் தடுப்புக்குச் சந்தேகம் வரும் என்று பிற்பாடு படித்தேன். ராத்திரியில் சாக்குமூட்டையோடு போகிறவனைப் போலீஸ் நிறுத்துகிற மாதிரி. அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. தடுப்பை நிறுத்திவிட்டு, கடையில் இருந்த பழைய புரோகிராமை மறுபடி அமுக்கித் திறந்தேன். திறந்தது, மெதுவாக. கடல் வந்தது. எல்லைக்கோடும் வந்தது. ஆனால் அது எனக்கு என்னவோ கரையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. மெலிந்தும் இருந்தது, கேபிக்குள் அடங்கிய மீசை மாதிரி.

அடி ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்தேன். இதை நான் எழுதுகிறேன் என்றால் என் மானம் எந்த அளவுக்குப் போய்விட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். படகு லேப்டாப்பில் கோடு எங்கே இருந்ததாக என் நினைவில் இருந்ததோ, அதற்கும் இதற்கும் ஒரு விரல்கடை வித்தியாசம். அந்த லேப்டாப் திரை சின்னது, கடைத் திரை பெரியது என்பதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. கடலில் ஒரு விரல்கடை என்றால் எத்தனை கடல்மைல் என்று கணக்குப் போட்டேன். வந்த விடையை ஸ்கேலால் மூடிவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன்.

மச்சான் திரையை நம்பிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறதாக நினைத்து அந்தப் பக்கம் நிற்பார். அல்லது பெட்டியே திறக்காது, கத்தவும் கத்தாது. இரண்டில் எதுவானாலும் படகில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் பக்கத்து நாட்டுக் கடற்படையிடம் மாட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆள் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தாலும் படகு வராது.

துறைமுகத்தில் ஐஸ் போடுகிற இடத்தில் ஒருவர் வயர்லெஸ் வைத்திருக்கிறார். அங்கே போனேன். படகு இருக்கிற தூரத்துக்கு நேராகப் பேச முடியாது. நடுவில் இருக்கிற படகு கேட்டு அந்தப் பக்கம் சொல்லும். அந்த அலைவரிசையில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். நான் செய்த காரியத்தை ஊருக்குச் சொல்லாமல் மச்சானுக்கு மட்டும் சொல்ல வேண்டும்.

"என்னன்னு சொல்லணும்?" என்றார் வயர்லெஸ்காரர்.

"கம்ப்யூட்டர் நல்லா ஓடுதான்னு கேளுங்க."

"நடுக்கடல்ல போய் இதக் கேக்கவா?"

"கேளுங்கண்ணே."

கேட்டார். கரகரவென்று சத்தம். யாரோ ஒரு படகுக்காரர் அதைத் திருப்பிச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துக்கொண்டு பதிலைக் கொண்டுவந்தார். "படம் நல்லா ஓடுதாம்! அவங்க மாப்ளைய கவலைப்பட வேணாங்கிறாங்க!" இன்னொரு குரல் குறுக்கே வந்தது. "எந்தப் படம்னு கேளு!" இன்னொன்று, "கதாநாயகி யாருய்யா?"

வயர்லெஸ்காரர் என்னைப் பார்த்தார். "வேற ஏதாச்சும்?"

கோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். "ஒண்ணும் இல்லண்ணே" என்று வந்தது.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் காத்திருந்தார். அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர். தான் உயிரோடு இருப்பதாக வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஊருக்குக் காகிதம் அனுப்ப வேண்டும். ஸ்கேன் பண்ணினேன். அளவு பெரியது, ஏறாது, சுருக்கச் சொன்னது. என் கை மவுஸ் மேல் அப்படியே நின்றது.

"என்ன முசியே? சின்னதாக்கினா நான் செத்துப்போயிருவேனோ?" என்றார். ஐயா என்பதைப் பிரெஞ்சில்தான் சொல்வார்.

நல்ல கேலி. வேறு நாளாக இருந்தால் அவருக்கு முன்னால் நான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்காமலே அனுப்பிப் பார்த்தேன், திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடியும் வந்தது. கடைசியில் சுருக்கி அனுப்பினேன். போய்விட்டது. பெரியவர் "மெர்சி" என்று நன்றி சொல்லி, உயிரோடுதான், படி இறங்கிப் போனார். நான் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

மறுநாள் வீட்டில் மனைவி, "ஏங்க, ரெண்டு நாளா ஒரு நக்கலும் காணோமே, சுகர் ஏறிருச்சா?" என்றாள். இல்லை என்றேன். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்காது. பயம் ஒரு அளவைத் தாண்டினால் பயமாக இருப்பதில்லை. கைகால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், ஆனால் அவை பக்கத்து வீட்டுக்காரருடையவை மாதிரி இருக்கும். நான் சோற்றைப் பிசைவதை நானே எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் மூளையில் மிச்சமிருந்த ஒரு மூலை வேலை செய்தது. அமுக்கிய புரோகிராமை மறுபடி விரித்து, பழையதோடு வைத்துக் கம்ப்யூட்டரையே ஒப்பிடச் சொன்னேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இது கருவாடு இல்லை, வலை மடிப்பு. மடித்து வைத்தால் படகின் ஒரு மூலையில் கிடக்கும், இறக்கினால் முழு நீளத்துக்கும் போகும், ஒரு கண்ணிகூடக் குறையாது. கடல் சுருங்கவில்லை. கோடும் நகரவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வேறொன்று புரிந்தது. மடித்த வலை சிக்கிக்கொண்டால் இறங்கவே இறங்காது. இதுவும் அப்படித்தான். திறந்தால் முழுசாகத் திறக்கும். இல்லாவிட்டால் இல்லவே இல்லை. படகில் இருக்கிறது கிழட்டு லேப்டாப். மெமரி போதாமல் போகலாம், வைரஸ் தடுப்பு தின்றிருக்கலாம். முட்டாள்தனமான பயம் போய் நியாயமான பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னதே தேவலை. அதைப் பார்த்துச் சிரிக்கவாவது முடியும்.

மச்சான் படகோடு போன படகுகள் வரத் தொடங்கின. அவர் படகு வரவில்லை. சோழகம் என்கிற தென்காற்று பலமாக இருந்தது, எங்கள் படகு தெற்கே தள்ளி வலை விட்டிருந்தது, பிறகு பார்க்கவில்லை என்றார்கள். மறுநாள் முற்பகல் டீக்கடை டிவியின் அடியில் எழுத்து ஓடியது. எல்லை தாண்டியதாக மீனவர்கள் பிடிபட்டார்கள். எந்த ஊர் என்று இல்லை. ஓடி முடிந்து தங்கம் விலை வந்தது. மழை வந்தது. மறுபடி அதுவே வந்தது.

கடைக்குத் திரும்பினால் மச்சானின் மனைவி அங்கே நிற்கிறார். நெடுங்காடு ஊர்ப்பக்கம் மீன் கொண்டுபோய் விற்கிறவர். தெருவிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலிக் கூடையோடு நேரே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"அண்ணே, டிவியில ஓடுதாம். எந்த ஊரு போட்டுன்னு போடலயாம். ஒங்க பெட்டியில பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். எல்லாச் செய்தியிலும் அதே ஒரு வரி. "இன்னும் போடலம்மா."

"மறுபடி பாருங்க."

பார்த்தேன். அவர் கூடையைக் காலுக்குக் கீழே வைத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எடுத்துக் கொடுத்தேன். சில்லறைகூடச் சரியாகக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

"அண்ணே."

"சொல்லும்மா."

"நீங்க குடுத்த பெட்டி இருக்குல்ல போட்டுல. கோட்டுகிட்டப் போனா கத்துமுல்ல?"

"கத்தும்."

"அப்ப சரி" என்றார்.

அந்த 'அப்ப சரி' என்னை என்ன செய்தது என்று சொல்ல முடியவில்லை. ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. அது வந்து விழுந்த இடத்தில் எனக்கு உணர்ச்சியே இல்லை. ஊசி போட்ட ஈறைக் கையால் தட்டிப் பார்க்கிற மாதிரி, அந்தச் சொல்லை நானே திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன்.

"தங்கச்சி, அந்தப் பெட்டியில நான் கொஞ்சம் எடம் பண்ணிக் குடுத்தேன்..."

"என்ன எடம்?"

"படத்துக்கு."

"பண்ணுங்க" என்றார். "மறுபடி ஒருக்கா பாருங்கண்ணே."

சாயங்காலம் அவரை என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் கைகால் கழுவப் பின்பக்கம் போனபோது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராசிப் படம், கறுப்பு ஜன்னல், வைரஸ், ஸ்கேல். ஸ்கேல் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோட்ட நீங்க ஒரு விரல்கடை நகத்திட்டீங்களாக்கும்! ரெண்டு நாட்டுக்காரனும் இத்தன வருஷமா அத ஒரு நூலு நகத்த முடியாம நிக்கிறான். நீங்க கடைக்குள்ள உக்காந்து அடி ஸ்கேலால..."

அதற்கு மேல் அவளால் சிரிக்க முடியவில்லை. "பெட்டி தொறக்கலன்னா?" என்றாள். அவள் போய், கழுவி வைத்திருந்த சட்டியையே எடுத்து மறுபடி கழுவினாள். பின்பக்கமிருந்து மச்சானின் மனைவி வந்ததும், "சுடுதண்ணி போடட்டா அண்ணி?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

மறுநாள் காலையில் பெயர்கள் வந்துவிட்டன. வேறு மாவட்டத்துப் படகு. எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. சத்தமாகப் படித்தேன். மச்சானின் மனைவி இரண்டு கையையும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். நான் அந்தப் பெயர்களை மறுபடி ஒரு தடவை படித்தேன். இவர்களும் யாருக்கோ மச்சான்தான். அந்த ஊரில் என்னை மாதிரி ஒருவன் எதையும் சுருக்காமலே உட்கார்ந்திருப்பான். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் படகு மட்டும் எங்கே என்று அப்போதும் தெரியாது.

அன்று பிற்பகல் வயர்லெஸ்காரர் போன் பண்ணினார். "முகத்துவாரத்துல நொழையுது. வாங்க." வேறொன்றும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற சத்தம் இருந்தது. ஏலம் ஒருபக்கம் நடந்துகொண்டிருந்தது. படகு வந்தது. பாரமில்லாமல் தண்ணீருக்கு மேலே உயர்ந்து வந்தது. பின்பக்கம் வலை குவிந்திருக்கிற இடம் காலியாக, பலகை தெரிந்தது. ஆட்களை எண்ணினேன். எல்லாரும் இருந்தார்கள். மச்சானின் மனைவி கிட்டப் போகவில்லை. தூரத்தில் கூடையோடு நின்று, அவர் இறங்குவதைப் பார்த்துவிட்டு, திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார்.

மச்சான் என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது. லேப்டாப் துண்டில்லாமல் அவர் கக்கத்தில் இருந்தது.

"தொறந்துச்சா மச்சான்?" என்றேன். ஆள் சுகமா என்று கேட்கவில்லை. அதைத்தான் கேட்டேன்.

"எது?"

"கடல் புரோகிராம்."

"ஏன் தொறக்காது? கொஞ்சம் யோசிச்சுத் தொறக்குது. ஒன்ன மாதிரி."

"வைரஸ்னு ஏதும் வரலயா? செவப்பா?"

பின்னால் வந்த என்ஜின்காரர், "அது படத்துக்கு நடுவுல நடுவுல வந்து நிக்குதுன்னு போன வருஷமே நிறுத்திப்புட்டேன்" என்றார்.

"அப்ப கோடு?"

"இருந்துச்சு."

"கத்துச்சா?"

மச்சான் லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். ஈரமாக இருந்தது. "கத்துச்சு மாப்ள. நல்லா கத்துச்சு. ராசிப் படம் போட்ருந்தோம், எடவேள வரல, அதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிருச்சு. விடவே இல்ல. துண்டப் போட்டு மூடினேன்."

நீவாடு மாறியிருந்தது. எங்கள் ஆட்கள் நீரோட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். இறக்கிய வலையை அது கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. பெட்டி கத்தியது. எல்லாருக்கும் கேட்டது. வலையை எடுக்கப் போனார்கள். பாதி இழுத்தபோது தூரத்தில் அந்த நாட்டுக் கடற்படைக் கப்பல் தெரிந்தது. வலையை அறுத்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு, நேராகக் கரைக்கு வராமல் தெற்கே போய், வேறொரு துறையில் ஒதுங்கிக் கிடந்துவிட்டு, வலை இல்லாமல் வந்தார்கள்.